தானே வளரும் சபை

பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஊரார் அழைத்துவரும் சிற்றாலயம் 1785-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது, அவ்வூரில் நிரந்தரமாக வாசம்செய்த ஐரோப்பிய மிஷனெரி ஒருவர்கூட இருந்ததில்லை. மிஷனெரியான சுவார்ட்சையரிடம் 1778-ல் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தாள் என்ற நாமம் பூண்ட மராட்டியப் பிராமண விதவை ஒருத்தி, தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருந்தவர்களைக் கூட்டி ஜெபம் நடத்தி, கூடிவந்தவர்களுக்கு இடம் போதாமையைக் கண்டு, ஆலயம் எழும்புவதற்கு மூலகாரணமாயிருந்தாள். 1780-ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் கண்ட பெயர்கள் நாற்பதே. தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்ட சத்தியநாதன் என்ற தமிழர் 1790-ல் குருப்பட்டம் பெற்று அச்சிறு மந்தையைப் பராமரித்தார். திருநெல்வேலித் திருச்சபை என்று பின்னாளில் உலகெங்கும் பேசப்பட்ட சமூகம் இப்படித்தான் ஆரம்பமாயிற்று. பணம் அதிகமில்லை, ஆள் அதிகமில்லை, திட்டம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமே இல்லை.

இக்காலத்தில் சபை வளர்ச்சி என்று யாரேனும் பேசத் தொடங்கினால், எத்தனை ஆயிரம் பேர் அமரத்தக்க மண்டபம், எத்தனை கார்கள் நிற்கத்தக்க மைதானம், எத்தனை தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பு என்ற கணக்குகளே முதலில் வந்து நிற்கின்றன. எண்ணிக்கையை நான் இழிவாகக் கருதுபவனல்லன். ஒவ்வோர் எண்ணும் ஒரு மனிதனைக் குறிப்பதாகையால் அதற்கு மரியாதை உண்டு. ஆயினும், ஓரிடத்தில் கூட்டம் சேர்வது ஒன்று, ஒரு சபை வளர்வது வேறொன்று. தன் ஆராதனையைத் தானே நடத்தவும், தன் செலவைத் தானே தாங்கவும், தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கவும், தன்னிடமுள்ளதில் ஒரு பங்கைப் பிறருக்காக அனுப்பவும் ஒரு சபைக்குச் சக்தி உண்டாகும்போதே அது சுபாவமாக வளர்கிறது என்று சொல்லலாம். அச்சக்தி உண்டாகாதவரை, வெளியிலிருந்து எவ்வளவு பொருளும் ஆளும் வந்து குவிந்தாலும், அது குவிந்ததாகுமேயன்றி வளர்ந்ததாகாது. மாற்கு எழுதின சுவிசேஷத்தில் விதை விதைத்தவனைப் பற்றி ஒரு சிற்றுவமை உண்டு. அவன் இரவில் தூங்கிப் பகலில் எழுந்திருக்கிறான். பயிர் எவ்விதமாய் முளைத்ததென்று அவனுக்கே தெரியாது. நிலத்தைப் பண்படுத்துவதும் நீர் பாய்ச்சுவதும் களை எடுப்பதும் அவன் கடமை. முளையைப் பிடித்து மேலே இழுப்பது அவன் கடமையல்ல. நம்முடைய சபைத் தலைவர்களில் பலர் முதல் மூன்று காரியங்களையும் விட்டு, கடைசிக் காரியத்தில் மிகுந்த பிரயாசம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே என் முறையீடு.

1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-ல் அங்கேயே மண்ணான இரேனியஸ் ஐயரின் சரித்திரத்தை இவ்விஷயத்தில் நுணுகி நோக்கவேண்டும். பிரஷ்யா தேசத்தவராகிய அவர் தமிழைத் தமிழராகவே கற்றவர். வேதபுத்தக மொழிபெயர்ப்பிலும் தமிழ் இலக்கண நூலிலும் அவருடைய உழைப்பு பேர்பெற்றது. அவர் காலத்தில் கிராமம் கிராமமாக மக்கள் சபையில் சேர்ந்தபோது, நிலச்சுவான்தார்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும் அவர்களை மனைகளிலிருந்து அகற்றத் துணிந்தார்கள். துன்பப்பட்டவர்கள் ஒதுங்கியிருக்க 1799-லேயே முதலூர் என்ற குடியிருப்பு ஏற்பட்டிருந்தது. அந்த வழியைப் பின்பற்றி 1830-ல் தர்மசங்கம் என்ற ஸ்தாபனம் எழுந்தது. விசுவாசிகள் தாங்களே பணம் சேர்த்து, சங்கத்தின் பேரால் நிலம் வாங்கி, எவரும் எவரையும் பிடித்துத் தள்ள முடியாத மனைகளை உண்டாக்கினார்கள். நேர்க்கோட்டில் தெருவும் நடுவில் கோவிலும் பள்ளிக்கூடமுமாக இன்றும் தெற்கே காணப்படும் பல ஊர்களின் அமைப்பு இப்படிப்பட்ட முயற்சிகளிலிருந்து பிறந்தது. 1835-க்குள் இரேனியஸ் ஐயரின் மேற்பார்வையிலிருந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டார்கள் என்பது எல்லாரும் எடுத்துச்சொல்லும் செய்தி. எனக்கோ, அந்தப் பத்தாயிரத்தைவிட அந்தச் சங்கமே முக்கியமாகத் தோன்றுகிறது. உபதேசியார்களுக்கு இங்கேயே குருப்பட்டம் அளிக்கவேண்டும் என்று வாதாடி, அதனால் தம்மை அனுப்பிய சங்கத்தோடு 1835-ல் பிளவுபட நேர்ந்தபோதும் அவர் பின்வாங்காததற்கு, மந்தைக்கு மேய்ப்பன் அந்த மண்ணிலேயே தோன்றவேண்டும் என்ற அபிப்பிராயமும் ஒரு காரணமாயிருந்தது.

பண விஷயத்தில் அந்நாட்டுச் சபைகள் கைக்கொண்ட ஒரு வழக்கத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். அடுப்பங்கரையின் மூலையில் ஒரு சிறு கலயம் இருக்கும். இராச் சமையலுக்கு அரிசி அளந்த வீட்டம்மாள், உலையில் இடுவதற்குமுன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அக்கலயத்தில் போடுவாள். இதுவே பிடியரிசி. கலயம் நிறைந்ததும் அது கோவிலுக்குப் போகும். விற்ற பணம் ஊழியத்துக்குச் சேரும். குடும்பத்தில் கஞ்சி காய்ச்ச அரிசி உண்டானால் ஊழியத்துக்கும் ஒரு பிடி உண்டு. அரிசி இல்லாத நாளில் இருவருக்கும் இல்லை. புருஷன் கையிலிருந்து காசு வாங்கிக் காணிக்கை போடவேண்டிய அவசியமின்றி, ஒரு பெண் தன் அதிகாரத்துக்குட்பட்ட ஒன்றேயான அரிசிப் பானையிலிருந்து தானே தீர்மானித்துத் தினந்தோறும் கொடுத்தாள் என்பதை நம் சரித்திராசிரியர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. அறுப்பின் பண்டிகையிலும் அப்படியே. முதற்காய்ப்பு முருங்கைக்காய்க் கட்டும், கருப்பட்டிச் சிப்பமும், காலைக் கட்டிய சேவலும் கோவிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கும். ஒரு கோழிமுட்டையை ஒருவர் பெருந்தொகைக்கு எடுத்து, திரும்பவும் கோவிலுக்கே கொடுத்துவிட, அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். கூச்சலும் சிரிப்பும் கொஞ்சம் வீறாப்பும் கலந்த அந்த மத்தியானத்தைப் பக்திக்குறைவென்று முகஞ்சுளிக்கிற படித்தவர்களும் உண்டு. ஆனால் அந்த முட்டைக்குச் சொந்தக்காரி, தன் கோவில் யாருடைய தயவிலும் நிற்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டு வீடு திரும்புகிறாள்.

இதைத்தான் லண்டனில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் காரியதரிசியாயிருந்த ஹென்றி வென், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு கொள்கையாகவே வகுத்தார்: சபை தன்னைத்தானே ஆளவேண்டும், தன்னைத்தானே தாங்கவேண்டும், தன்னைத்தானே பரப்பவேண்டும், அது நிறைவேறும்போது மிஷன் விலகிவிடவேண்டும். சீனாவில் ஊழியம்செய்த ஜான் நேவியஸ் என்பார் 1890-ல் கொரியாவுக்குச் சென்று இதற்கு நெருங்கிய முறையை அங்குள்ள இளம் மிஷனெரிகளுக்கு விளக்க, அவர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள். ஊரார் தங்கள் சக்திக்கேற்றபடி, தங்கள் வீடுகளைப்போலவே கோவிலும் கட்டிக்கொண்டார்கள். சீனாவிலிருந்து திரும்பிய ரோலண்ட் ஆலன் 1912-ல் வெளியிட்ட நூலில், பவுல் அப்போஸ்தலன் ஓர் ஊரில் சில மாதங்களே தங்கி, அவ்வூராரிலிருந்தே மூப்பர்களை ஏற்படுத்தி, அவர்களை நம்பி விட்டுவிட்டுப் போனார் என்பதைச் சுட்டிக்காட்டி, நாம் ஏன் நூறாண்டுகளாகியும் நம்பமாட்டோம் என்கிறோம் என்று கேட்டார். கொள்கை எல்லாருக்கும் சம்மதமாயிருந்தது. அதிகாரத்தை ஒப்படைக்கும் நாள் வந்தபோதுதான், இவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்ற பதில் வந்தது. பொறுப்பைக் கொடுக்காமல் பக்குவத்தை எதிர்பார்த்தவர்கள் அக்கால வெள்ளைக்கார மிஷனெரிகள் மாத்திரமல்லர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இவ்விடத்தில் இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதலாவது, 1876 முதல் 1878 வரையில் தென்னாட்டை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தின்போதும் அதற்குப் பின்னும் பல்லாயிரம் பேர் திருநெல்வேலிச் சபைகளில் சேர்ந்தார்களே, அது சோற்றுக்காக வந்த கூட்டமல்லவா என்பது. பசியுள்ளவன் சோறிட்ட கையை நோக்கி வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்படவேண்டுமானால் சோறிடாதவனே வெட்கப்படவேண்டும். ஆனால் அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியார் நல்ல மழை பெய்தபின் திரும்பிப் போய்விட்டார்கள் என்பதும், தங்கியவர்கள் பெரும்பாலும் உபதேசியாரும் பள்ளிக்கூடமும் ஒழுங்கான ஆராதனையும் வாய்த்த ஊர்களில் தங்கினார்கள் என்பதும் சிந்திக்கத்தக்கவை. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டத் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் முப்பத்துமூன்று ஆண்டுகள் கட்டப்பட்டு 1880-ல் முடிந்தது. அந்த நீண்ட காலத்தில் அவர் மனிதர்களை ஆயத்தம்பண்ணுவதை நிறுத்தவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கடினமானது. தன்னிறைவே வளர்ச்சியின் லட்சணமானால், நாசரேத்து வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை என்று பேர்பெற்ற அருமைநாயகம், மிஷனெரிகளோடு மாறுபட்டு 1857-ல் ஸ்தாபித்த சுதந்திரச் சபை ஏன் பெருகவில்லை? அந்நியர் பணமும் அந்நியர் ஆளுகையும் வேண்டாமென்று, பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள் பலவற்றைத் தழுவி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்து நின்ற அந்தச் சபையின் தன்மானத்தை நான் மெய்யாகவே மதிக்கிறேன். அச்சபையாரின் ஜாதியைப் பற்றிக் கால்டுவெல் எழுதிய இழிவான வார்த்தைகளால் புண்பட்ட நெஞ்சங்களுக்கு அது ஓர் ஆறுதலாயிருந்ததென்பதும் மறுக்கக்கூடியதன்று. எனினும் அது பெரும்பாலும் ஒரே ஜாதியாருக்குள் ஒடுங்கிவிட்டது. தன்னை ஆளவும் தன்னைத் தாங்கவும் அறிந்திருந்த அச்சபை, தன் எல்லையைக் கடந்து அயலானிடம் செல்லும் மூன்றாவது காரியத்தில் குறைந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

அந்த மூன்றாவது காரியம் நிறைவேறியதைக் காண, 1903-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் ஆரம்பமான இந்திய மிஷனெரி சங்கத்தை நோக்கவேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய தோழர்களும், இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்ற மூன்றையே மூலதனமாகக் கொண்டு, நிஜாம் சமஸ்தானத்தைச் சேர்ந்த தோர்ணக்கல் பிரதேசத்துத் தெலுங்கு மக்களிடம் ஊழியரை அனுப்பினார்கள். திருநெல்வேலி அக்காலத்தில் ஐசுவரியமுள்ள ஜில்லாவல்ல. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் ஆசிரியர்களும் கொடுத்த காசும் பிடியரிசியுமே, பாஷை தெரியாத தூர தேசத்தில் ஓர் ஊழியத்தைத் தாங்கின. தன் கோவிலுக்கு ஓடு மாற்றவேண்டிய நிலையிலிருக்கும்போதே அயலானுக்குக் கொடுக்கத் துணிந்த சபை, அதனால் ஏழையாகவில்லை; தன் காலில் நிற்கும் பயிற்சியை அதில்தான் முழுமையாகப் பெற்றது.

அசரியா பிறரை அனுப்பியதோடு நில்லாமல், 1909-ல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கலுக்குப் போனார். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தா பேராலயத்தில் அத்தியட்சராக அபிஷேகம் செய்யப்பட்டு, ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியரானார். அங்கே அவர் கைக்கொண்ட முறைகளில் இக்காலத்துக்கு வேண்டியவை நிறைய உண்டு. சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாத மாலா, மாதிகா ஜாதியார். அவர்களிலிருந்தே கிராம உபாத்தியாயர்களையும் குருமார்களையும் தெலுங்கிலேயே பயிற்றுவித்தார். கணவன் படிக்கும்போது மனைவியும் உடன் படிக்கவேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஏனெனில் கிராமத்துப் பெண்களிடம் போய்ச் சேரக்கூடியவள் அவள்தான். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும், கூலிவேலை செய்பவரானாலும், தம் விசுவாசத்தை அயலாருக்குச் சொல்லும் கடமையுள்ளவர் என்று அப்பொழுதே அவர் உணர்த்தினார். சம்பளம் பெறும் ஊழியர் ஒருபுறமிருக்க, வருஷத்தில் ஒரு வாரம் சாதாரண ஜனங்கள் தங்கள் வேலையை விட்டு ஊர் ஊராகச் சென்று சாட்சி கூறும் வழக்கமும் ஏற்பட்டது. குடிவெறி குறைந்து, குழந்தைகள் படித்து, வீடு வாசல் சுத்தமாயிருப்பதைக் கண்ட அயல்ஜாதியாரில் சிலரும் பிற்பாடு சபையை நாடினார்கள். தோர்ணக்கல் பேராலயமோ அவசரப்படவில்லை. குவிமாடங்களும் கோயில் மண்டபத்தை நினைப்பூட்டும் தூண்களுமாக அது 1939-ல்தான் பிரதிஷ்டையாயிற்று. அதற்குள் சபை லட்சத்தைக் கடந்திருந்தது.

எண்ணிக்கையைப் பற்றி அசரியா எடுத்த ஒரு தீர்மானம் இன்றைய பத்திரிகை வாசகர்கள் அறிந்துகொள்ளத்தக்கது. கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமா என்ற கேள்வி 1930-களில் எழுந்தபோது, அவர் அதை எதிர்த்தார். தலைகளை எண்ணி ஸ்தானங்களைப் பங்கிடும் ஏற்பாட்டில் சபை சிக்கிக்கொண்டால், ஒவ்வொரு ஞானஸ்நானமும் ஓர் ஓட்டாகிவிடும். அயலாரின் சந்தேகத்துக்கும் காரணம் உண்டாகிவிடும் என்று அவர் கண்டார். கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் கடுமையாக ஆட்சேபித்த காலம் அது. அசரியா அந்த ஆட்சேபத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. மாலாவுக்கும் மாதிகாவுக்கும் தங்கள் ஆத்துமாவைப் பற்றித் தாங்களே தீர்மானிக்கும் உரிமை உண்டென்று நின்றார். ஆனால் அந்த உரிமையை அரசியல் லாபமாக மாற்றவும் சம்மதிக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே செய்வது எளிதன்று. இக்காலத்தில் இரண்டில் ஒன்றையாவது செய்கிறவர்களைக் காண்பதே அருமையாயிருக்கிறது.

ஜெர்மனி தேசத்துக் கிறிஸ்டியன் சுவார்ட்ஸ் என்பவர் (நம் சுவார்ட்சையருக்கும் இவருக்கும் பெயரொற்றுமையன்றி வேறு சம்பந்தமில்லை) 32 தேசங்களில் ஆயிரம் சபைகளை ஆராய்ந்து 1996-ல் ஒரு நூல் வெளியிட்டார். வளரும் சபைகளுக்கு எட்டுக் குணங்கள் இருப்பதாக அவர் கணக்கிட்டார். பக்தியை மதிப்பெண்ணிட்டு அளப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனாலும் அவர் லீபிக் என்ற ரசாயன சாஸ்திரியிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு யோசனை மாத்திரம் பொன்னானது: நிலத்தில் எந்தச் சத்து மிகக் குறைவாயிருக்கிறதோ அதுவே விளைச்சலின் அளவை நிர்ணயிக்கிறது, மற்றச் சத்துக்களை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. அப்படியானால் தமிழ்நாட்டுச் சபைகளில் மிகக் குறைந்திருப்பது எது?

பாட்டுக்குக் குறைவில்லை, பிரசங்கத்துக்குக் குறைவில்லை, கன்வென்ஷன் பந்தல்களுக்கும் குறைவில்லை. பணமும் முன்பைவிட அதிகம்தான். குறைந்துபோனது, ஒருவர்மேல் ஒருவருக்குள்ள நம்பிக்கை. திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால், கட்சி கட்டி, நோட்டீஸ் அடித்து, விருந்து வைத்து, தோற்றவர்கள் நீதிமன்றப் படியேறுவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. பள்ளிகள், கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், அவற்றின் நியமனங்கள் ஆகிய ஆஸ்திகளின் மேலுள்ள அதிகாரமே இதற்கு வேர். வழக்கு நடத்த வக்கீலுக்குக் கொடுக்கும் பணமும் காணிக்கைப் பெட்டியிலிருந்தே போகிறது என்பதைப் பிடியரிசி போட்ட ஸ்திரீகள் அறிந்தால் என்ன சொல்வார்களோ! ஒவ்வொரு சேகரத்தின் வரவுசெலவும், திருமண்டலத்தின் வரவுசெலவும், ஆராதனை முடிந்தபின் சபையார் முன்னிலையில் வரி வரியாக வாசிக்கப்பட்டு, கேள்வி கேட்க இடங்கொடுக்கப்படுமானால், பாதித் தேர்தல் உற்சாகம் தானாகவே தணிந்துவிடும். ஒருவர் இருமுறைக்குமேல் ஒரே பதவியில் இருக்கலாகாது என்ற விதியை எல்லா ஸ்தானங்களுக்கும் விஸ்தரிக்கலாம். பிடியரிசி திரட்டுவதற்கு வேண்டியிருந்த பெண்கள், அதைச் செலவிடும் கமிட்டிகளில் ஏன் இத்தனை சொற்பமாயிருக்கிறார்கள் என்றும் கேட்கலாம்.

சபை பெரிதானால் அதைப் பிரித்துப் புதிய சபை ஒன்றை உண்டாக்குவதற்கு நம் குருமார்கள் தயங்குகிறார்கள். காணிக்கை குறைந்துவிடும், தங்கள் ஸ்தானத்தின் மதிப்பும் குறைந்துவிடும் என்ற பயம். ஆயிரம் குடும்பங்களுள்ள சேகரத்தில் குருவானவருக்குப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? முற்காலத்தில் ஐம்பது வீடுகளுக்கு ஓர் உபதேசியார் இருந்து, மாலையில் மணியடித்து ஜெபம் நடத்தி, காய்ச்சல்காரன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, புருஷன் பெண்சாதிச் சண்டையையும் தீர்த்துவைத்தார். உபதேசியாரின் சம்பளம் இன்றும் அற்பம். ஆலய முகப்பில் பதிக்கும் கிரானைட் கல்லுக்கான செலவில் ஒரு பகுதியை அதற்குத் திருப்பினாலே பெரிய மாறுதல் உண்டாகும்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஜாதி இருக்கிறது. தேர்தலில் கட்சி பிரிவது பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே. குருவானவரை இடம் மாற்றும்போது சபையார் முதலில் விசாரிப்பது அவருடைய ஜாதியையே. சில ஊர்களில் கல்லறைத் தோட்டமே இரண்டு பட்டுக் கிடக்கிறது. தோர்ணக்கலில் மாலாவையும் மாதிகாவையும் ஒரே பந்தியில் அமர்த்துவதற்கு அசரியா பட்ட பாடு கொஞ்சமல்ல. அவரும் முழுவதும் வென்றுவிட்டார் என்று சொல்வதற்கில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னைப் பேராலயத்தில் ஒன்றுபட்டபோது, ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பிரஸ்பித்தேரியரும் காங்கிரிகேஷனலாரும் தங்களுக்குள் நூற்றாண்டுகளாக இருந்த பேதங்களை மறந்து ஒரே பந்தியில் அப்பம் புசித்தார்கள். உலகம் அதை அதிசயித்தது. அந்தப் பேதங்கள் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவை. உள்ளூர்ப் பேதத்தை அதே பந்தியில் வைத்துத் தீர்க்கும் வேலை சேகரத்தின் கையில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரை இடிக்க மேலிடத்து உத்தரவு தேவையில்லை. சேகர கமிட்டி கூடி ஒரு தீர்மானம் எழுதினால் போதும்.